பழைய வாடிக்கையாளருக்கு மட்டும் ஏன் கூடுதல் விலை? டிராய் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். ராஜபாளையத்திலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு இணைய இணைப்பு போன மாதம் வரை அப்பா பெயரில் இருந்தது. இப்போது அம்மா பெயரில் இருக்கிறது. வீடு அதேதான், கம்பெனியும் அதேதான், தெருக் கம்பத்திலிருந்து வரும் வயரும் அதே வயர்தான். ஆள் பெயர் மாறியதும் மாதக் கட்டணம் 118 ரூபாய் குறைந்துவிட்டது, வேகம் இரண்டு மடங்காகிவிட்டது. லாபம்தானே, இதற்கு ஏன் மடல் என்று கேட்பீர்கள். நான்கு வருடம் ஒரு நாள்கூடத் தவணை தப்பாமல் பணம் கட்டிய மனிதருக்குக் கிடைக்காத விலை, நேற்று வந்த பெயருக்குக் கிடைக்கிறது என்றால் அது என்ன விலை என்று அப்பா கேட்டார். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

அப்பா நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வரவு செலவு நோட்டு எழுதாமல் படுக்க மாட்டார். நீளமான கோடு போட்ட நோட்டில் பால், கேஸ், கரண்ட், பேப்பர் எல்லாம் எழுதி, கடைசியில் ‘நெட்டு’ என்று ஒரு வரி. 2021 நவம்பரில் அந்த வரியில் 649 என்று இருக்கிறது. அதாவது 550 ரூபாய் பிளான், 18 சதவீத ஜி.எஸ்.டி. 99 ரூபாய். 2023 தொடக்கத்தில் அதே வரி 708 ஆகிறது. அந்த மாதம் பக்கத்தில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறார். 2024 நவம்பரிலிருந்து 767. அங்கேயும் கேள்விக்குறி. வேகம் மட்டும் முதல் நாள் கொடுத்த அதே 50 எம்.பி.பி.எஸ்.

கேள்விக்குறி ஏன் என்று இப்போதுதான் கேட்டேன். வசூலுக்கு வந்த பையனிடம் விசாரித்தாராம். “மெசேஜ் வந்திருக்குமே ஐயா” என்றானாம். வந்துதான் இருக்கிறது. அப்பாவின் பட்டன் போனுக்கு, ஆங்கிலத்தில், அடுத்த தவணைக்கு மூன்று நாள் முன்னால். தினமும் காலையில் தமிழ்ப் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிற மனிதர் அவர். ஆங்கிலத்தில் வருகிற மெசேஜ் எல்லாம் அவருக்கு லோன் விளம்பரமும் லாட்டரி மோசடியும்தான். பெட்டி நிறைந்துவிடக் கூடாது என்று வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக அழித்துவிடுவார். விலை ஏறிய செய்தியும் அப்படித்தான் அழிந்து போயிருக்கிறது.

போன மாதம் எதிர்வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்கள் அதே கம்பெனியில் இணைப்பு எடுத்தார்கள். 100 எம்.பி.பி.எஸ்., வரியோடு 649 ரூபாய். நாங்கள் 2021-இல் கட்டிய அதே தொகை. நான் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போன் செய்து அதே பிளானை எங்களுக்கும் மாற்றித் தரச் சொன்னேன். இருபது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். “சார், அது நியூ கஸ்டமர் பிளான். உங்களுது பழைய பிளான். சிஸ்டத்துல மாத்த ஆப்ஷன் வரல சார்.” அவரைக் கோபித்து என்ன ஆகப்போகிறது. அவர் பார்க்கிற திரையில் அந்தப் பொத்தானை வைக்க வேண்டாம் என்று முடிவு செய்தவர் வேறு எங்கோ இருக்கிறார்.

வழி சொன்னது லைன் பார்க்க வந்த தம்பிதான். “அண்ணே, இதை சரண்டர் பண்ணிட்டு வீட்ல வேற யார் பேர்லயாவது புதுசா போட்டுருங்க, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.” சரி என்று அம்மாவின் ஆதாரைக் கொடுத்தோம். இரண்டு நாள் நெட் இல்லை. மூன்றாம் நாள் அதே தம்பி வந்தார். சுவரில் ஆணியில் தொங்கிய பெட்டியைக் கழற்றினார், பின்பக்கம் இருந்த தூசியைத் துண்டால் துடைத்தார், லேப்டாப்பில் ஏதோ எண்ணை மாற்றினார், அதே பெட்டியை அதே ஆணியில் மாட்டினார். சிவப்பு விளக்கு அணைந்து பச்சை வந்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ராத்திரி நோட்டில் 649 என்று எழுதினார். கேள்விக்குறி போடவில்லை. ஆனால் சாப்பிடும்போது ஒன்று சொன்னார்: “ரெண்டு மூணு வருசமா அதிகமா வாங்கிருக்காங்கன்னுதானே அர்த்தம்?”

எங்கள் ஊரில் பழகின மளிகைக் கடைக்குப் போனால் கொசுறாக ஒரு கொத்து கறிவேப்பிலை கிடைக்கும். மாசக் கணக்கு வைத்திருக்கிற வீட்டுக்கு அரிசி நல்ல மூட்டையிலிருந்து வரும். நாள்பட்ட வாடிக்கைக்கு ஒரு மதிப்பு உண்டு என்பதைப் பார்த்தே வளர்ந்த மனிதருக்கு, இங்கே நாள்பட்டவரிடம் கூடுதலாக வாங்குகிறார்கள் என்பதை எப்படிப் புரிய வைப்பது?

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இணையம் இந்த நாட்டில் மலிவாகியிருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியபோது அது வசதியானவர்களுக்கும் நிறுவனங்களுக்குமான பொருள். போன் லைனில் டயல் செய்து மணிக்கணக்கில் அளந்து கொடுத்தார்கள், தொலைபேசிக் கட்டணம் தனி. 2004-இல் வந்த பிராட்பேண்ட் கொள்கை 256 கே.பி.பி.எஸ்., அதாவது ஒரு எம்.பி.பி.எஸ்.ஸில் கால் பங்கு, இருந்தாலே பிராட்பேண்ட் என்றது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். அந்த வேகத்தை மாதம் 500 ரூபாய்க்குக் கொண்டுவந்தபோது நடுத்தர வீடுகளுக்குள் முதல் முறையாக இணையம் நுழைந்தது. 2020-இல் ஜியோ ஃபைபர் 30 எம்.பி.பி.எஸ். வேகத்தை 399 ரூபாய்க்கு, வரி தனி, அறிவித்தது. நூறு மடங்குக்கும் மேலான வேகம், அதுவும் குறைந்த காசுக்கு. 2023-இல் கேரள அரசின் கே-ஃபோன் 20 எம்.பி.பி.எஸ். இணைப்பை 299 ரூபாயிலிருந்து கொடுக்க ஆரம்பித்தது. இதெல்லாம் பெரிய விஷயம். கல்லூரியில் படித்த நாளில் நாங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

2008 வாக்கில் எங்கள் தெருவில் நெட் இருந்த வீடு சித்தப்பா வீடு மட்டும்தான். மாதத்துக்கு இத்தனை எம்.பி. என்று அளவு, அதைத் தாண்டினால் ஒவ்வொரு எம்.பி.க்கும் தனிக் காசு. ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை மட்டும் கணக்கில் வராது. அதனால் 1:55-க்கு அலாரம் வைத்து எழுந்து, கடிகாரத்தில் 2 தாண்டி ஐந்து நிமிடம் கழித்து இணைப்பைப் போட்டு, பாடத்துக்கான கோப்புகளை இறக்க விட்டுவிட்டுப் படுப்போம். 7:50-க்குள் யாராவது மோடத்தை அணைத்தாக வேண்டும். ஒருநாள் நான் தூங்கிப்போய்விட்டேன். அந்த மாத பில்லைப் பார்த்துவிட்டுச் சித்தப்பா திட்டவில்லை. மோடத்தை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்தக் காலத்து விலை கொடுமையானதுதான், இருந்தாலும் ஒரு எம்.பி.க்கு இவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். சித்தப்பாவுக்கும் பக்கத்து ஊர்க்காரருக்கும் ஒரே கணக்கு. தூங்கிப்போனது என் தப்பு, அதற்கு அபராதம். இப்போது விலை மலிவு, ஆனால் யாருக்கு என்ன விலை என்பது தெரியவில்லை. வேகத்தின் விலை ஒரு பக்கம் இறங்கிக்கொண்டே வருகிறது. அந்த இறக்கம் புதிதாக வருகிறவர்களுக்குப் போய்ச் சேருகிறது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு 50 ரூபாய், 50 ரூபாயாக ஏறுகிறது. மொத்த நாட்டுக்கும் சராசரி போட்டுப் பார்த்தால் விலை குறைந்த மாதிரித்தான் தெரியும். எங்கள் அப்பா நோட்டில் அப்படித் தெரியவில்லை.

ஏறுவதும் நேராக ஏறுவதில்லை. குறைந்த விலைப் பிளான் ஒருநாள் பட்டியலிலேயே இருக்காது, போன் செய்து அந்தப் பிளான் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் உண்டு என்பார்கள். பார்க்கவே பார்க்காத ஓ.டி.டி. நாலைந்தைச் சேர்த்துவிட்டு அதுதான் இனி உங்கள் பிளான் என்பார்கள். மாதாமாதம் கட்டுகிற வசதி போய் ஆறு மாதம் மொத்தமாகக் கட்டு என்றாகும். நடுவில் வீடு மாறினால் மீதிப் பணம் திரும்பி வருமா என்பதற்கு ஒரே கம்பெனியில் மூன்று பேர் மூன்று பதில் சொல்வார்கள். விளம்பரத்தில் பெரிதாக ஒரு தொகை, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி, அந்த நட்சத்திரத்துக்குள் 18 சதவீத வரி. ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில்கூட அனைத்து வரிகளும் உட்பட என்று போட்டுத்தானே விற்கிறார்கள்? அதை வாங்குகிற குழந்தைக்குக் கையில் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று தெரிகிறது. வருடத்துக்கு 9,000 ரூபாய் கட்டுகிற எங்களுக்குத் தெரிவதில்லை.

பிடிக்கவில்லையென்றால் வேறு கம்பெனிக்குப் போ என்பார்கள். செல்போனில் அது முடியும். 2011 ஜனவரியில் நாடு முழுக்க எண் மாறாமல் நிறுவனம் மாறும் வசதி வந்தது, அதை நடத்திக் காட்டியது நீங்கள்தான். அன்றிலிருந்து செல்போன் நிறுவனங்களுக்கு வாடிக்கையாளர் போய்விடுவார் என்ற பயம் உண்டு. வீட்டு இணைப்பில் அந்தப் பயம் எங்கிருந்து வரும்? மாற வேண்டுமென்றால் புதிதாக வயர் இழுக்க வேண்டும், நிறுவும் கட்டணம் கட்ட வேண்டும், பெட்டிக்கு முன்பணம் வைக்க வேண்டும். எங்கள் தெருவரைக்கும் ஃபைபர் கொண்டுவந்திருப்பதே இரண்டு பேர்தான், அதில் ஒருவருக்கு மழை பெய்தால் லைன் போய்விடும். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்களும் படிக்கிற பிள்ளைகளும் உள்ள வீட்டில் இரண்டு நாள் நெட் இல்லாமல் இருப்பதே பெரிய பாடு. இதெல்லாம் தெரிந்துதான் ஏற்றுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

நிறுவனங்களின் செலவு எனக்குப் புரிகிறது. சாலை தோண்டும்போதெல்லாம் ஃபைபர் அறுகிறது, கம்ப வாடகை இருக்கிறது, ஆள் சம்பளம் ஏறுகிறது. விலையே ஏற்றக் கூடாது என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்கு 767-ம் எதிர்வீட்டுக்கு 649-ம் ஆவதற்குச் செலவில் என்ன வித்தியாசம் என்றுதான் கேட்கிறேன். எதிர்வீட்டுக்காவது புதிதாக வயர் இழுத்தார்கள். எங்களுக்கு அதுகூட இல்லை.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இணையக் கட்டணத்தை நிறுவனங்களே முடிவு செய்துகொள்ளட்டும், ஆணையம் விலகி நிற்கும் என்பது உங்கள் நெடுநாள் கொள்கை. போட்டி இருந்தால் விலை தானாகச் சரியாகும் என்ற நம்பிக்கை அது. பாதி சரிதான், விலை இறங்கியதற்குப் போட்டிதான் காரணம். ஆனால் விலை எவ்வளவு என்பதில் தலையிடாமல் இருப்பது வேறு, விலையை எப்படிச் சொல்கிறார்கள், யாருக்கு மறைக்கிறார்கள் என்பதைப் பார்க்காமல் இருப்பது வேறு. இரண்டாவதில் நீங்கள் தலையிட்டு நல்லது நடந்திருக்கிறது. 2016 அக்டோபரில், பிளானில் உள்ள டேட்டா அளவு தீர்ந்த பிறகும் வீட்டு பிராட்பேண்ட் வேகம் 512 கே.பி.பி.எஸ்.ஸுக்குக் கீழே போகக் கூடாது, அளவு எவ்வளவு என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டீர்கள். செல்போனில் 28 நாள் பிளான்களால் வருடத்துக்கு 13 தடவை ரீசார்ஜ் செய்ய வேண்டியிருக்கிறது என்று மக்கள் கத்தியபோது, 2022 ஜனவரியில், 30 நாள் பிளான் ஒன்றாவது வைத்தே ஆக வேண்டும் என்றீர்கள். 2024 டிசம்பரில், டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள பிளான் கட்டாயம் என்றீர்கள். எங்கள் அப்பா மாதிரிப் பட்டன் போன் வைத்திருப்பவர்களை நினைத்துத்தான் அதைச் செய்திருப்பீர்கள். இந்த மூன்றிலும் நீங்கள் விலையை நிர்ணயிக்கவில்லை. ஆனாலும் வாடிக்கையாளர் ஏமாறுகிற இடம் ஒன்று அடைபட்டது.

இங்கேயும் அதைச் செய்யலாம், வழி காட்ட முன்மாதிரிகளும் இருக்கின்றன. பிரிட்டனில் உங்களைப் போன்ற ஆணையமான ஆஃப்காம் 2020 பிப்ரவரியிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறது. ஒப்பந்தக் காலம் முடியப்போகிறது என்றால் நிறுவனம் முன்கூட்டியே வாடிக்கையாளருக்கு எழுத வேண்டும். இப்போது என்ன கட்டுகிறீர்கள், முடிந்த பிறகு என்ன ஆகும், எங்களிடம் உங்களுக்கு ஏற்ற நல்ல விலை எது என்று அதில் சொல்ல வேண்டும். புதிய வாடிக்கையாளருக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்தக் கடைசி வரியைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டு ஞாபகம்தான் வந்தது. அங்கேயே, பணவீக்கத்தோடு இன்னொரு 3.9 சதவீதம் சேர்த்து வருடாவருடம் ஏற்றிக்கொண்டிருந்த வழக்கத்தையும் 2025 ஜனவரி 17 முதல் புதிய ஒப்பந்தங்களில் தடுத்துவிட்டார்கள். நடுவில் ஏற்றுவதாக இருந்தால் எத்தனை பவுண்டு, எத்தனை பென்ஸ், எப்போது என்று சேரும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் 2024 ஏப்ரலிலிருந்து பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு பிளானுக்கும் உணவுப் பொட்டலத்தில் சத்துப் பட்டியல் போடுவது போல ஒரு பட்டியல் ஒட்டுகின்றன. மாதக் கட்டணம், அது அறிமுக விலையா, அறிமுகக் காலம் முடிந்ததும் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

நான் கேட்பது இதில் பாதிதான். ஒரு கம்பெனி ஒரு ஊரில் ஒரு பிளானைப் புதிய வாடிக்கையாளருக்குக் கொடுத்தால், அதே ஊரில் ஏற்கெனவே இருப்பவர் கேட்டால் அவருக்கும் அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். முதல் மாதம் இலவசம், நிறுவும் கட்டணம் தள்ளுபடி மாதிரிச் சலுகைகளைப் புதியவர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. மாதாமாதக் கட்டணம் ஒன்றாக இருக்கட்டும். இந்த ஒரு வரி இருந்தால் பெயர் மாற்றி, ஆதார் கொடுத்து, இரண்டு நாள் இருட்டில் கிடக்கும் கூத்து எந்த வீட்டிலும் வேண்டியிருக்காது.

விலை ஏற்றுவதாக இருந்தால் 30 நாள் முன்னால் சொல்லச் சொல்லுங்கள், வாடிக்கையாளரின் மொழியில், வரி சேர்த்துக் கையில் கட்டுகிற தொகையாக. ‘நவம்பர் 5 முதல் உங்கள் கட்டணம் 708 ரூபாயிலிருந்து 767 ரூபாய்’ என்று தமிழில் ஒரு வரி வந்திருந்தால் அப்பா அதை அழித்திருக்க மாட்டார், அன்றைக்கே என்னைக் கூப்பிட்டிருப்பார். இணைப்பு எடுக்கிற படிவத்தில் எந்த மொழி வேண்டும் என்று ஒரு கட்டம் இருந்தால் போதும், பெரிய செலவில்லை.

இன்னொன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. புதிய கட்டணம் எதுவானாலும் 7 வேலை நாளுக்குள் நிறுவனங்கள் உங்களிடம் தெரிவிக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறீர்கள். அப்படியானால் இத்தனை வருடத்து வீட்டு இணையக் கட்டணங்கள் உங்கள் அலுவலகத்தில் கோப்புகளாக இருக்க வேண்டும். அதை வருடவாரியாக, பிளான்வாரியாக மக்கள் பார்க்கிற மாதிரி வெளியிடுங்கள். எந்த பிளான் எப்போது ஏறியது, எது பட்டியலிலிருந்து மறைந்தது என்பது எல்லோருக்கும் தெரியட்டும். அப்பா ஒற்றை ஆளாக நோட்டில் எழுதி வைத்ததைத்தான் நாட்டுக்காக நீங்கள் செய்யப் போகிறீர்கள்.

தனிநபர் புகார்களை ஆணையம் விசாரிப்பதில்லை, நிறுவனத்தின் புகார் மையத்துக்கும் அப்புறம் மேல்முறையீட்டுக்கும் போக வேண்டும் என்பது தெரியும். அதனால் எங்கள் கம்பெனியின் பெயரை இதில் எழுதவில்லை, எங்கள் பணத்தை வாங்கித் தரச் சொல்லியும் கேட்கவில்லை. பெயர் மாற்ற வழி தெரிந்த பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும் வீடுகள் எப்படியோ தப்பித்துக்கொள்ளும். பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, வீடியோ காலில் பேரன் முகத்தைப் பார்ப்பதற்காக மட்டும் நெட் வைத்திருக்கிற பெரியவர்கள் எங்கள் தெருவிலேயே ஆறு வீட்டில் இருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அந்த ஆறு வீட்டுக்கும் போய் என்ன கட்டுகிறீர்கள் என்று கேட்டேன். நான்கு வீட்டில் 767. ஒரு வீட்டில் 826. கடைசி வீட்டுப் பாட்டிக்குத் தொகை தெரியவில்லை, மகன் அமெரிக்காவிலிருந்து கட்டுகிறானாம்.

அந்த ஆறு பேருக்காகவும் பதிலை எதிர்பார்க்கிறேன். முடிந்தால் தமிழில் எழுதுங்கள், அப்பாவும் படிப்பார்.

இப்படிக்கு,
ராஜபாளையத்திலிருந்து ஒரு வாடிக்கையாளரின் மகன்